விளக்கு பார்க்கவா, ஆள் பார்க்கவா

சோங் வம்சக் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், சீமா குவாங் என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். அரசியலில் பெரும்புள்ளி, அதைவிடப் பெரிய வரலாற்றாசிரியர். அரசவைச் சண்டையில் மனம் வெறுத்து லுவோயாங் நகரத்துக்கு ஒதுங்கிப்போய், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான சீன வரலாற்றை ஆண்டுவாரியாக எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் ஒரு முதல் மாதப் பௌர்ணமியன்று அவர் மனைவி விளக்கு பார்க்க வெளியே கிளம்பினாராம். "வீட்டிலேயே விளக்கு எரிகிறதே, வெளியே போய் என்ன பார்க்கப்போகிறாய்?" என்று இவர் கேட்க, "அப்படியே நாலு ஆட்களையும் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான்" என்று அந்த அம்மா சொல்ல, "அப்போ நான் என்ன பேயா?" என்றாராம் மனிதர்.

நிஜமாகவே நடந்ததா, பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்டதா, யார் கண்டது. ஆனால் சீனர்களின் விளக்குத் திருவிழாவைப் பற்றி நான் படித்ததிலேயே உருப்படியான பதில் அந்த அம்மா சொன்னதுதான். இந்த விழா எப்படி வந்தது, எதற்காக வந்தது என்று தேடிப்போனால் தேவலோகப் பறவை, அக்கினி தேவன், புத்தர், தாவோ மதத்து வானக அதிகாரி என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவற்றில் சிலவற்றையும் சொல்கிறேன். ஆனால் ஆயிரம் வருடத்துக்கு மேல் இது தாக்குப்பிடித்ததற்குக் காரணம் ஜனங்கள் ராத்திரியில் வீட்டை விட்டு வெளியே வர ஆசைப்பட்டதுதான் என்பது என் கட்சி. விளக்கு அதற்கு ஒரு சாக்கு.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சீன நாள்காட்டியில் முதல் மாதத்தின் 15ஆம் நாள், அதாவது அந்த வருடத்தின் முதல் பௌர்ணமி. புத்தாண்டுக் கொண்டாட்டம் அன்றோடு முடியும். யுவான்சியாவ் என்பது விழாவின் பெயர், அன்று சாப்பிடும் பண்டத்துக்கும் அதே பெயர். ஒட்டரிசி மாவு உருண்டைக்குள் எள்ளும் சர்க்கரையும் கொழுப்பும் வைத்து வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். வடக்கே பூரணத்தை மாவில் உருட்டி உருட்டிப் பெரிதாக்குவார்கள், தெற்கே கொழுக்கட்டைபோல மாவுக்குள் வைத்து மூடுவார்கள். எது சரி என்ற சண்டை அவர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. அதை விட்டுவிடுவோம்.

கதைகளில் எனக்குப் பிடித்தது பறவைக் கதை. தேவலோகத்துப் பறவை ஒன்று வழி தவறிப் பூமிக்கு வர, வேடன் ஒருவன் தெரியாமல் அதைக் கொன்றுவிடுகிறான். கோபம் கொண்ட மேலுலகச் சக்கரவர்த்தி, முதல் மாதம் 15ஆம் நாள் மனிதர்களை எல்லாம் எரித்துவிடச் சொல்லிப் படையை அனுப்புகிறார். விஷயம் எப்படியோ கசிகிறது. ஒரு கிழவர் யோசனை சொல்கிறார்: எல்லோர் வீட்டு வாசலிலும் சிவப்பு விளக்கு கட்டுங்கள், பட்டாசு வெடியுங்கள், மேலேயிருந்து பார்த்தால் ஊரே பற்றி எரிகிற மாதிரி இருக்கட்டும். அப்படியே செய்கிறார்கள், மேலேயிருந்து பார்த்தவர்களும் ஏமாந்துபோகிறார்கள். கடவுளையே ஏமாற்றித் தப்பித்த கதை என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு பாசம்.

இன்னொன்று அரண்மனைப் பணிப்பெண் கதை. ஹான் வம்சத்துப் பேரரசர் வூவின் அரண்மனையில் யுவான்சியாவ் என்றொரு பெண். உள்ளே வந்தவள் வீட்டாரைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. அழுதுகொண்டிருந்தவளை அரசவை விகடகவி தோங்ஃபாங் ஷுவோ பார்த்துவிடுகிறார் (நம் தெனாலிராமன் ஜாதி ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்). உடனே, அக்கினி தேவன் 15ஆம் நாள் தலைநகரை எரிக்கப்போகிறான் என்று வதந்தியைக் கிளப்பிவிடுகிறார். பரிகாரம் என்ன என்று பேரரசர் கேட்க, ஊர் முழுக்க விளக்கு கட்டி, அக்கினி தேவனுக்குப் பிடித்த மாவு உருண்டை படைத்து, கோட்டைக் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே விட வேண்டும் என்கிறார். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்த பெண் அப்பா அம்மாவைப் பார்த்துவிடுகிறாள். இது மிகவும் பிந்திய நாட்டார் கதை, வரலாற்றில் இதற்குச் சான்று தேடிப் பயனில்லை. ஆனால் ஓர் அரண்மனைப் பெண் விளக்கு இரவில் வெளியே போகிறாள் என்ற இந்தச் செய்தியை மட்டும் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

கொஞ்சம் படித்தவர்கள் சொல்லும் விளக்கங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பேரரசர் வூ கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாய்யீ என்ற வானக் கடவுளுக்கு முதல் மாதத்தில் ஒரு நாள் அந்தியில் தொடங்கி விடியும்வரை பூசை நடத்தினார், அதிலிருந்து வந்தது இது என்பது. அந்தப் பூசை நடந்தது உண்மை. ஆனால் அது 15ஆம் தேதிப் பூசை கிடையாது, தவிர அரண்மனைப் பூசைக்கும் தெருவில் விளக்கு பார்க்கப் போகும் ஜனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது விளக்கம் பௌத்தம். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் பேரரசர் மிங் இந்தியாவிலிருந்து வந்த புதிய மதத்தைப் போற்ற விளக்கேற்றச் சொன்னார் என்பார்கள். இது பின்னால் எழுதப்பட்ட பக்திக் கதை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் பௌத்தத் தொடர்பை அப்படியே ஒதுக்கவும் முடியாது. நம் பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் யுவான் சுவாங், 7ஆம் நூற்றாண்டில் மகத நாட்டு மகாபோதியில் புத்தரின் எலும்புகளை ஆண்டுக்கு ஒருமுறை பௌர்ணமியன்று வெளியே எடுத்துக் காட்டுவார்கள், சில சமயம் அவற்றிலிருந்து ஒளி வரும் என்று எழுதிவிட்டு, அந்த நாள் நம் முதல் மாதம் 15க்குச் சமம் என்று கணக்கும் சொல்கிறார். விளக்கு ஏற்றுவதைப் புண்ணியமாக்கியதில் பௌத்தத்துக்குக் கண்டிப்பாகப் பங்கு இருந்திருக்கும்.

சரி, ஜனங்கள் தெருவில் இறங்கியதற்கு நான் நம்பும் முதல் தெளிவான சாட்சி எது என்றால், அது ஒரு புகார். 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுயி வம்சத்தின் பேரரசர் வென்னுக்கு லியூ யூ என்ற அதிகாரி எழுதியது. முதல் மாதம் 15ஆம் இரவு தெருவெல்லாம் நிரம்பி வழிகிறது, முரசுச் சத்தம் வானத்தைப் பிளக்கிறது, தீவட்டி வெளிச்சம் மண்ணைச் சுடுகிறது, மிருக முகமூடி போட்டுக்கொள்கிறார்கள், ஆண்கள் பெண் வேடம் கட்டுகிறார்கள், குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வருகிறார்கள், உயர்ந்தவன் தாழ்ந்தவன் இல்லை, ஆணும் பெண்ணும் கலந்து நிற்கிறார்கள், துறவிக்கும் சம்சாரிக்கும் வித்தியாசம் தெரியவில்லை, சேர்த்துவைத்த காசையெல்லாம் ஒரே ராத்திரியில் அழிக்கிறார்கள், ஒழுக்கக்கேடும் திருட்டும் இதிலிருந்துதான் பிறக்கின்றன, ஆகவே தடை செய்ய வேண்டும். எரிச்சலோடு எழுதியிருக்கிறார், அதனாலேயே ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். புகழ்ந்து எழுதியிருந்தால் இவ்வளவு விவரம் நமக்குக் கிடைத்திருக்காது. இதில் சாமியும் இல்லை, பறவையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பேரரசர் சரி என்று தடை போட்டார்.

அந்தத் தடையைக் காற்றில் விட்டது அவருடைய மகனேதான். பேரரசர் யாங் 610ஆம் ஆண்டு அதே 15ஆம் நாள் லுவோயாங்கில் வெளிநாட்டுத் தூதர்களுக்கு ஒரு காட்சி வைத்தார். வாத்தியக்காரர்கள் மட்டும் 18,000 பேர். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை விளக்கு, மாதம் முடியும்வரை ஆட்டம். சந்தைக்கு வந்த அயல்நாட்டு வியாபாரிகளுக்கு உணவு விடுதியில் இலவசச் சாப்பாடு, மரங்களுக்கெல்லாம் பட்டுத்துணி சுற்றி அலங்காரம். அப்போது விவரமான ஒரு வெளிநாட்டு ஆள் கேட்டாராம்: உங்கள் ஊரிலும் உடம்பை மூடத் துணி இல்லாத ஏழைகள் இருக்கிறார்களே, இதை அவர்களுக்குக் கொடுக்காமல் மரத்துக்கு ஏன் சுற்றியிருக்கிறீர்கள்? சந்தைக்காரர்கள் வெட்கப்பட்டுப் பதில் சொல்லாமல் நின்றார்கள். இதை வரலாற்றில் ஏற்றியவர் வேறு யாருமில்லை, நம் சீமா குவாங்தான். விளக்கு விழா என்றாலே மனிதருக்குக் கொஞ்சம் கசப்பு இருந்திருக்கும் போல.

அடுத்து வந்த தாங் வம்சக் காலத்தில்தான் என் கட்சிக்கு வலு சேருகிறது. தலைநகரம் சாங்கான், இன்றைய சியான். அந்தக் காலத்து உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. ஆனால் அதை ஒரே நகரம் என்று சொல்வதைவிட, தனித்தனி மதிலும் கதவும் கொண்ட நூற்றுக்கும் மேற்பட்ட பேட்டைகள் என்று சொல்வதுதான் பொருத்தம். பொழுது சாய்ந்ததும் அரண்மனை வாசலில் முரசு 400 அடி அடிப்பார்கள், அரண்மனைக் கதவுகள் மூடும். மேலும் 600 அடி அடித்து முடிப்பதற்குள் பேட்டைக் கதவுகளும் மூடிவிடும். அவரவர் பேட்டைக்குள் நடமாடலாம், ஆனால் பெரிய வீதியில் கால் வைக்கக் கூடாது. மீறினால் 20 பிரம்படி என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அரசாங்க வேலை, கல்யாணம், சாவு, நோய் இந்த மாதிரிக் காரணத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். 2020ல் நாம் இ-பாஸ் வாங்கிக்கொண்டு அலைந்தோமே, அந்த ஊரடங்கு அங்கே வருடம் பூராவும், ஒவ்வொரு ராத்திரியும். விடியற்காலை முரசு மறுபடி ஒலிக்கும்வரை வீதியில் காவல்படை மட்டும்தான்.

விதிவிலக்கு இந்த விளக்கு இரவுகள். 744ஆம் ஆண்டு பேரரசர் சுவான்சோங் பிறப்பித்த ஆணையைப் பாருங்கள்: ஒவ்வோர் ஆண்டும் முதல் மாதம் 14, 15, 16 மூன்று இரவும் பேட்டைக் கதவுகளையும் சந்தைக் கதவுகளையும் திறந்து விளக்கேற்ற வேண்டும், இது நிரந்தர விதி. கதவைத் திறப்பதும் விளக்கேற்றுவதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன, அதிலும் கதவு முதலில். எனக்கு அந்த வரிசை முக்கியமாகப் படுகிறது. வருடத்தில் மூன்றே மூன்று ராத்திரி ஒரு மனிதன் தன் பேட்டையைத் தாண்டி நடக்கலாம், எதிர்ப் பேட்டையில் இருப்பவர்கள் ராத்திரியில் எப்படி இருப்பார்கள் என்று பார்க்கலாம். நானாக இருந்தால் விளக்கே இல்லாவிட்டாலும் கிளம்பியிருப்பேன்.

அதற்கு 34 வருடம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 710ஆம் ஆண்டு, பேரரசர் சோங்சோங்கும் அரசி வெய்யும் மாறுவேடத்தில் கடைத்தெருவுக்கு விளக்கு பார்க்கப் போனார்கள். அதே இரவு அரண்மனைப் பெண்கள் ஆயிரக்கணக்கானோரையும் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரச்சொல்லி விட்டார்கள். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

வரலாற்றில் இவ்வளவுதான் இருக்கிறது. எத்தனை பேர், எங்கே போனார்கள், யாராவது காத்திருந்தார்களா, எதுவும் கிடையாது. நான் அடிக்கடி இதை நினைத்துப் பார்ப்பதுண்டு. அரண்மனைக்குள் போன பெண் சாதாரணமாக வெளியே வர முடியாது, பல பேருக்கு உள்ளேயே ஆயுள் முடிந்துவிடும். அப்படிப்பட்டவள் ஒரு ராத்திரி வாசலைத் தாண்டுகிறாள், தெருவெல்லாம் வெளிச்சமும் கூட்டமும், பேட்டைக் கதவுகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன, யாரும் யாரையும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள். வருடத்தின் மற்ற ராத்திரிகளில் ஓடியிருந்தால் முதல் திருப்பத்திலேயே பிடித்திருப்பார்கள். ஓட நினைத்தவளுக்கு இதைவிட நல்ல நாள் அமையாது. விகடகவி கதையில் வரும் அந்த யுவான்சியாவ் இவர்களுடைய நினைவிலிருந்து பிறந்தவளாக இருக்கலாம் என்பது என் ஊகம், சான்று கேட்டால் என்னிடம் இல்லை. சோங்சோங் அதே வருடம் செத்துப்போனார், விஷம் வைத்தது அரசியும் மகளும்தான் என்பது பழி. அவர் வாழ்ந்ததில் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரியம் அந்தக் கதவைத் திறந்ததுதான், அதுவும் அவர் நினைத்துச் செய்ததில்லை.

இன்னொரு விஷயம். 'பலர் திரும்பவில்லை' என்ற அந்த வரியும் சீமா குவாங்கின் வரலாற்றில் இருக்கிறது. அதை எழுதிய கையோடு, பெண்டாட்டி விளக்கு பார்க்கப் போகிறேன் என்றால் மனிதருக்குப் பக்கென்று இருக்காதா?

713ல் நடந்தது இதற்கு நேர் எதிர், அங்கே எல்லாமே பகட்டு. ஆட்சியை மகனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ரூயிசோங்குக்காக அன்ஃபூ வாசலுக்கு வெளியே ஒரு விளக்குச் சக்கரம் எழுப்பினார்கள். உயரம் 20 ஜாங், நம் கணக்கில் சுமார் 60 மீட்டர். அதில் 50,000 விளக்கு. பட்டும் ஜரிகையும் சுற்றி, பொன்னும் பச்சைக்கல்லும் பதித்து, தூரத்திலிருந்து பார்த்தால் பூத்த மரம் மாதிரி இருந்ததாம். கீழே ஆயிரம் பெண்கள் மூன்று நாள் ஆடினார்கள். அதே வருடத்தில் ஒரு வெளிநாட்டுத் துறவி, இரவில் கதவைத் திறந்து ஆயிரக்கணக்கில் விளக்கேற்ற அனுமதி கேட்டதாகவும் பதிவு இருக்கிறது. இதற்கும் ஓர் அதிகாரி எதிர்ப்புக் கடிதம் எழுதினார். இந்த விழாவின் வரலாறு முழுக்க விளக்கேற்றுகிறவர்கள் ஒரு பக்கம், கடிதம் எழுதுகிறவர்கள் ஒரு பக்கம்.

சோங் வம்சம் வந்தபோது நிலைமை தளர்ந்தது. பேட்டை மதில்கள் மெல்ல மெல்ல அர்த்தமிழந்தன, 965ல் இரவுச் சந்தைக்கு நடுநிசிவரை அனுமதி கிடைத்தது. 967ல் முதல் பேரரசர், நாட்டில் குழப்பம் இல்லை, விளைச்சலும் நன்றாக இருக்கிறது, ஜனங்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று மூன்று இரவை ஐந்தாக்கினார். தினமும் ராத்திரி வெளியே போக முடிந்தபின் விளக்கு இரவுக்கு என்ன மவுசு? இங்கேதான் விளக்குக்காரர்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார்கள். கூட்டத்தை இழுக்க விளக்கே அதிசயமாக வேண்டியிருந்தது.

கைஃபெங் நகரத்தில் அரண்மனை வாசலுக்கு எதிரே 'விளக்கு மலை' கட்டுவார்கள். உச்சியில் மரத்தொட்டி. கப்பி வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றித் தொட்டியில் நிரப்பி, அவ்வப்போது திறந்துவிட்டால் விளக்குகளுக்கு நடுவே அருவி விழும். இரண்டு பக்கமும் சிங்கத்தின் மேலும் வெள்ளை யானையின் மேலும் போதிசத்துவர்கள், கை அசையும், ஐந்து விரலிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சும். வைக்கோலை முறுக்கி டிராகன் கட்டி, நீலத்துணி போர்த்தி, அதற்குள் ஆயிரமாயிரம் விளக்கு வைத்தால், இரண்டு டிராகன் நெளிந்து போகிற மாதிரித் தெரியும். வைக்கோல், துணி, தீ. படிக்கும்போதே எனக்குத் தண்ணீர் வாளியைத் தேடத் தோன்றுகிறது.

பின்னால் தலைநகரம் ஹாங்சோவுக்குப் போனபோது 'எலும்பில்லா விளக்கு' என்று ஒன்று வந்தது. சாதாரண விளக்குக்கு மூங்கில் சட்டம் வேண்டும், சட்டத்தின் நிழல் வெளியே விழும். இதற்கு ஒரு பட்டுப் பையில் தினையை நிரப்பி உருண்டையாக்கி, அதை அச்சாக வைத்து மேலே விளக்கின் உடலை உருவாக்குவார்கள், வேலை முடிந்ததும் தினையைக் கொட்டிவிடுவார்கள். உள்ளே சட்டமே இல்லாத, ஒரே சீரான உருண்டை. கண்ணாடிக் கோளம்தான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். குதிரை ஓடும் விளக்கு இன்னும் சுவாரசியம். மெழுகுவர்த்திக்கு மேலே சாய்வான இதழ்கள் கொண்ட காகிதச் சக்கரம். சூடான காற்று மேலே ஏறி இதழில் மோதும், சக்கரம் சுற்றும், அதோடு ஒரே அச்சில் கட்டிய காகிதக் குதிரைகளும் சுற்றும், அவற்றின் நிழல் வெளிச் சுவரில் ஓடிக்கொண்டே இருக்கும். மெழுகு தீர்ந்தால் ஓட்டமும் நின்றுவிடும். சுடுகாற்றால் சுழலும் விசிறிச்சக்கரம், அதைக் கண்டுபிடித்துக் குழந்தைகள் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள்.

விளக்கில் விடுகதை எழுதும் பழக்கமும் ஹாங்சோ காலத்தில்தான் பரவியது. விளக்கின் மேல் புதிர் எழுதியிருக்கும், கீழே கூட்டமாக நின்று தலையைச் சொறிவார்கள், விடை சொன்னவருக்குப் பரிசு. இதில் எனக்குத் தெரிகிற வசதி வேறு. முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் ஒரே விளக்கின் கீழ் நின்று, அந்த நாலாவது வரிக்கு அர்த்தம் இதுவாக இருக்குமோ என்று பேச்சைத் தொடங்கலாம். கேட்பவர்கள் யாரும் தப்பாக நினைக்க முடியாது.

மிங் வம்சத்துப் பெய்ஜிங்கில் பெண்களே தங்களுக்கென்று ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். 16ஆம் இரவு, வெள்ளைப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக வெளியே கிளம்புவார்கள். முன்னால் ஒருத்தி ஊதுவத்தி பிடித்துக்கொண்டு போவாள். பாலம் கண்ட இடமெல்லாம் ஏறிக் கடப்பார்கள். 'நூறு நோயை நடந்தே விரட்டுவது' என்று இதற்குப் பெயர். அந்த இரவு நடந்தால் அந்த வருடம் நோய் அண்டாது. அப்படியே கோட்டை வாசல்வரை போய், இருட்டில் கதவில் பதித்திருக்கும் பெரிய ஆணிக் குமிழைக் கையால் தடவிப் பார்ப்பார்கள், முதல் தடவலிலேயே கையில் பட்டால் அதிர்ஷ்டம், ஆண் குழந்தை பிறக்கும். இப்போது யோசியுங்கள், மாமியாரிடம் போய் ராத்திரி ஊர் சுற்றிவிட்டு வருகிறேன் என்றால் விடுவாரா? நோய் போகும், பேரன் பிறப்பான் என்றால் மாமியாரே முன்னால் ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார். அதிலும் பலருக்குச் சின்ன வயதிலேயே பாதம் கட்டி ஒடுக்கப்பட்டிருக்கும். அந்தக் காலோடு பாலம் பாலமாக நடந்திருக்கிறார்கள் என்றால் வெளியே வரும் ஆசை எவ்வளவு இருந்திருக்க வேண்டும்.

தீ விபத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் விளக்கு விழாவைப் பற்றிப் பாதிதான் சொன்னதாக ஆகும். மிங் பேரரசர் யோங்லே 1409ல் இதற்குப் பத்து நாள் விடுமுறையே கொடுத்தார், 1415ல் அவருடைய அரண்மனை வாசலில் விளக்கு மலை பற்றிக்கொண்டு ஆட்கள் செத்தார்கள். 1514ல் நிங் சிற்றரசர் சூ சென்ஹாவ் விதவிதமான புது விளக்குகளைப் பேரரசர் செங்தேவுக்கு அன்பளிப்பாக அனுப்பினார், தூணிலும் சுவரிலும் ஒட்டி மாட்ட ஆளும் அனுப்பினார். முற்றத்தில் கூடாரத்தின் கீழ் வெடிமருந்து வேறு இருந்தது. 16ஆம் தேதி இரவு சியான்சிங் மாளிகை, அதாவது பேரரசரின் சொந்த மாளிகை, எரிந்துபோனது. அவர் தன்னுடைய கேளிக்கை மாளிகைக்குப் போய்க்கொண்டே திரும்பிப் பார்த்து, ஆகா, எவ்வளவு பெரிய வாணவேடிக்கை என்று சிரித்தாராம். அந்தச் சிற்றரசர் ஐந்து வருடம் கழித்துக் கலகம் செய்து மாட்டிக்கொண்டார், விளக்கு அனுப்பியதே சதியோ என்ற சந்தேகம் பிறகு யாருக்கும் வராமல் இருந்திருக்காது. 2009 பிப்ரவரி 9 அன்றும், அதுவும் விளக்குத் திருவிழா நாள்தான், பெய்ஜிங்கில் சீன மத்தியத் தொலைக்காட்சி வளாகத்தில் விட்ட வாணம் பட்டு, கட்டி முடிக்கும் நிலையில் இருந்த பெரிய ஹோட்டல் கட்டடம் எரிந்தது, ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். பட்டுத்துணி போய்க் கண்ணாடியும் கான்கிரீட்டும் வந்தும் கதை மாறவில்லை.

இன்றைய சீனாவில் இது பொது விடுமுறை இல்லை. ஆனால் பெரிய விளக்குக் கண்காட்சிகள் உண்டு. அதில் சிச்சுவான் மாநிலத்து சிகோங் ஊர்க்காரர்கள் தனி ரகம். உப்புக் கிணறுகளுக்குப் பேர்போன ஊர், 1964லிருந்து விளக்குக் கண்காட்சி நடத்துகிறார்கள். சாப்பிடும் பீங்கான் தட்டு, கிண்ணம், கரண்டி இவற்றை நூலால் கட்டிக் கட்டி டிராகன் செய்வார்கள், தட்டு விளிம்புதான் செதில். சின்ன மருந்துக் குப்பிகளில் வண்ணத் தண்ணீர் நிரப்பி அடுக்கி மயில் தோகை செய்வார்கள். இப்போது உலகம் முழுக்க இவர்களுடைய விளக்கு ஏற்றுமதியாகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் டிக்கெட் வாங்கி, வேலிக்குள் வரிசையில் போய், செல்ஃபி எடுத்துவிட்டு வருவதில் எனக்கு ஒரு குறை. கூட்டமும் பயமுறுத்தும் விஷயம்தான், 2004ல் பெய்ஜிங்கை ஒட்டிய மியுனில் விளக்கு பார்க்க வந்தவர்கள் ஒரு பாலத்தில் நெரிபட்டு 37 பேர் இறந்தார்கள். வேலி எதற்கு என்று கேட்க எனக்கு வாயில்லை.

2020 பிப்ரவரி 8 அன்று விளக்குத் திருவிழா. வூகான் பூட்டப்பட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது, நாடெங்கும் கண்காட்சிகள் ரத்து. கதவைத் திறப்பதற்கென்றே பேர்போன ராத்திரியில் கதவை மூடி உட்கார்ந்திருந்தார்கள். செய்தியில் அதைப் படித்தபோது சாங்கான் முரசுதான் ஞாபகத்துக்கு வந்தது.

நான் இருப்பது பினாங்கில். இங்கே இதற்கு ஹொக்கியன் மொழியில் சாப் கோ மே என்று பெயர், பதினைந்தாம் ராத்திரி. பௌர்ணமி என்பதால் நம் நாள்காட்டியோடு உரசிக்கொண்டே வரும், சில வருடம் மாசி மகத்தை ஒட்டி, சில வருடம் தைப்பூசத்தோடு. 2023ல் தைப்பூசமும் சாப் கோ மேயும் ஒரே நாள், பிப்ரவரி 5. தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் காவடி, கடற்கரைப் பக்கம் ஆரஞ்சுப் பழம். பழம் எதற்கு என்றால், கல்யாணமாகாத பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பழத்தைக் கடலில் எறிவார்கள். பையன்கள் சின்னப் படகில் வலையோடு காத்திருந்து அள்ளுவார்கள். இப்போதெல்லாம் பழத்தோலில் மார்க்கர் பேனாவால் போன் நம்பரே எழுதிவிடுகிறார்கள். உப்புத் தண்ணீரில் நனைந்து பாதி நம்பர் அழிந்துபோன ஒரு பழத்தை வைத்துக்கொண்டு இரண்டு பையன்கள் அது மூன்றா எட்டா என்று சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பழம் எறிவதைவிட, அதற்கு முன்னால் இருந்த பழக்கம்தான் எனக்கு முக்கியம். பழைய நியோன்யா குடும்பங்களில் (பல தலைமுறையாக இங்கேயே ஊறி, மலாய்ப் பழக்கங்கள் கலந்துபோன சீனர்கள்) வயதுக்கு வந்த பெண்ணை வாசலில் நிற்கக்கூட விடமாட்டார்கள். சாப் கோ மே ராத்திரி மட்டும் நகையெல்லாம் பூட்டி, வண்டியில் ஏற்றி, எஸ்பிளனேட் கடற்கரையைச் சுற்றி வரச்செய்வார்கள். பெண் ஊரைப் பார்ப்பாள், ஊர் பெண்ணைப் பார்க்கும், மாப்பிள்ளை வீட்டார் குறித்துக்கொள்வார்கள். எங்கள் அடுக்குமாடியில் கீழ்த் தளத்தில் இருக்கும் சீனக் கிழவியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவருடைய அம்மா அப்படி வண்டியில் வந்தவராம். "அம்மாவுக்கு அப்பாவை அன்றைக்குப் பார்த்த ஞாபகமே இல்லை. கச்சான் (வேர்க்கடலை) விற்றவனைத்தான் ஞாபகம் இருந்தது. கடைசிவரை அவனைப் பற்றித்தான் சொல்வார்" என்றார். எவ்வளவு அழகான பையன் என்று கேட்டேன். பையன் இல்லையாம், கிழவனாம், வறுத்த கச்சானைப் பொட்டலம் கட்டும் வேகத்தை அம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாராம்.

2027ல் சாப் கோ மே பிப்ரவரி 20, சனிக்கிழமை. வருகிறவர்கள் வண்டியை எஸ்பிளனேட் பக்கம் கொண்டுவர வேண்டாம், பீச் ஸ்ட்ரீட் தாண்டினால் நகராது. பழத்தைச் சந்தையிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள், அங்கே விற்கும் விலை எறிகிற பழத்துக்குக் கொடுக்கிற விலை இல்லை.